கடைசி அத்தியாயத்தில் பொத்தான் இல்லை

என் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் நாவல்களில் அம்மாக்கள் முதல் அத்தியாயத்தைத் தாண்டுவதே பெரிய காரியம். ஒன்று, கதை தொடங்கும் முன்பே இறந்துபோயிருப்பார்கள். இல்லையென்றால் எங்கோ தூரத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். அம்மா வீட்டில் இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிடுவாள், அப்புறம் எந்தப் பிள்ளை சாகசத்துக்குக் கிளம்பும் என்று சித்தியிடம் ஒருநாள் கேட்டேன். சித்தி மறுக்கவில்லை. தான் மொழிபெயர்த்த புத்தகங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு அம்மா கடைசிவரை இருந்தாள், ஆனால் அவளுக்குப் பேச்சு வராது என்றாள்.

நாய்களைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அட்டையில் நாய் இருந்தால் அந்தப் புத்தகத்தை, இன்னொருவர் படித்துவிட்டு நாய் சாகவில்லை என்று சொன்ன பிறகே தொடுவேன். பன்னிரண்டு வயதில் நாற்பது வயதுக்காரர்போலப் பேசும் பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது. பரணில் சாவி கிடைக்கும் கதைகள் அலுத்துவிட்டன. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்துவிட்டால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். வரைபடத்தின் ஓரத்தில், பெயர் எழுதாமல் விட்ட ஒரு மூலையில், நான் போய்க் குடியேறிவிடுவேன்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருக்கிறாள். சாவி வெட்டும் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. சாப்பாட்டு மேசைதான் சித்தியின் அலுவலகம். அதனால் நாங்கள் மூவரும் அகராதிகளுக்கு நடுவே, தட்டு வைக்க எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அவ்வளவு இடத்தில் சாப்பிடுவோம். ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதை அச்செடுத்து, ஓரத்தில் பின் அடித்து என்னிடம் தருவாள். நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று நான் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் தாளிலிருந்து தலையைத் தூக்கினேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். தூக்கிய இடத்தில் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளிகள் கூடிவிட்டால் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுவாள்.

சித்திக்கு வேலையில் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. எந்தப் புத்தகமானாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் மொழிபெயர்ப்பாள். மற்றவர்களின் மொழிபெயர்ப்பில் கடைசி அத்தியாயம் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும், வீட்டுக்குப் போனால் போதும் என்று வாக்கியங்கள் ஓடும், அதனால் தெம்பு இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும் என்பாள். அதன் பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, ஒரு பக்கம்கூட முன்னால் புரட்டிப் பார்க்காமல் வரிசையாகப் போவாள். புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது பதிப்பாளர், சித்தி முன்னதாகப் படித்துப் பார்க்கத் தேவையில்லை என்பதால் இதற்கு இடைஞ்சல் இல்லை. போன் எடுத்ததும் வணக்கத்துக்குப் பதிலாக, சீக்கிரம் முடியுமா என்றுதான் அவர் தொடங்குவார். நானும் சித்தியும் அவருக்குச் சீக்கிரம் மாமா என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்த மழைக்காலத்தில் நீல அட்டை போட்ட புத்தகம் ஒன்று வந்தது. வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்தேன். ஒரு பெண், என் வயதுதான், ஒரு நகரத்தில் அம்மா தங்கியிருக்கும் அறைக்கு வந்து சேர்கிறாள். அறையைச் சுற்றிப் பார்க்கிறாள். ரொட்டி சாப்பிடுகிறார்கள். தூங்குகிறார்கள். அவ்வளவுதான். அம்மா உயிரோடு இருக்கிறாள், அதுவும் கடைசிப் பக்கத்தில் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அந்தப் பெண்ணின் கூச்சம் அழகாக இருக்கிறது, எங்கேயும் தலையைத் தூக்கவில்லை என்று சொன்னேன். சித்திக்கும் சந்தோஷம். சீக்கிரம் மாமாவிடம் அனுப்பினாள். அவர் அதை அச்சுக்குப் பக்கம் பக்கமாக அடுக்கியே வைத்துவிட்டார்.

பிறகு முதல் அத்தியாயம் வந்தது. அதில் பிள்ளைகள் இரண்டு பேர்.

அப்பா ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுகிறவர். யாரோடும் பேசாதவர். அம்மா நகரத்தில் ஒரு விடுதியில் துணி வெளுக்கப் போயிருக்கிறாள். படகிலேயே வளர்ந்த இரண்டு பிள்ளைகளை, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அப்பா நகரத்துக்கு அழைத்துப்போகிறார். கதை முழுக்க அந்தப் பயணம்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு தம்பி. இன்னும் பால்பல் விழாதவன். சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் குறைவதால் அவனுக்குப் பொத்தான் என்றே பெயர். அந்த மொழியிலும் அதே அர்த்தம்தான், அப்படியே வைத்துவிட்டேன் என்றாள் சித்தி. அவன் செய்வதெல்லாம் கேள்வி கேட்பது. பாலத்தின் நிழல் நனையுமா என்று கேட்பான். அப்பா பதில் சொல்ல மாட்டார். ஆனால் அன்றைக்கெல்லாம் படகைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார்.

அந்த வாரங்களில் நான் இங்கே அதிகம் இருந்ததாக நினைவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் சுழலத் தொடங்கினால் படகின் இஞ்சின் கிளம்பிவிடும். பால்கனிக் கொடியில் கிடக்கும் படுக்கை விரிப்புகள் காற்றில் உப்பும்போது எங்கள் மூன்றாவது மாடி மெல்ல நகரும். கீழே சாவி வெட்டும் சத்தம் தொலைவில் ஏதோ மதகு திறப்பதுபோல இருக்கும். பேருந்தின் ஈரக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டால் தெரு முழுக்கத் தண்ணீராகி, குடை பிடித்தவர்கள் கரையில் நிற்பார்கள். என் பக்கத்து இருக்கையில் கால் தரையை எட்டாமல் ஒருவன் உட்கார்ந்திருப்பான். மழை பெய்யும்போது ஆற்றுக்குக் கூசுமா அக்கா என்று கேட்பான். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருப்பேன்.

அப்படி ஒரு நிறுத்தம் தாண்டி நடந்து திரும்பிய சாயங்காலம்தான் எனக்கு அது உறைத்தது. கடைசி அத்தியாயத்தில் அவள் தனியாகத்தான் வந்தாள்.

படி ஏறி ஓடினேன். சித்தி மேசையில் பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, கடைசி அத்தியாயத்துல பொத்தான் இல்ல.”

அவள் கை நின்றது. “தெரியும்.”

“எப்பலேருந்து?”

“அவன் மொதல் கேள்வி கேட்டப்பவே.”

அவ்வளவு நாளாக என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. புத்தகம் அங்கேதான், அகராதிக்கு அடியில் கிடந்தது. மீதிப் பக்கங்களைப் புரட்டி அவன் இருக்கிறானா இல்லையா என்று மட்டும் பார்த்துவிடேன் என்றேன்.

“பாத்துட்டா அப்புறம் நான் எழுதற ஒவ்வொரு வரியும் அவனைப் பாத்துப் பாவப்படும்டி. அவனுக்கே தெரியாத ஒண்ணு என் வரிக்குத் தெரியக் கூடாது.”

அடுத்த அத்தியாயத்தில் ஆற்றில் பனிமூட்டம் இறங்கியது. பொத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். அத்தியாயம் அங்கேயே முடிந்தது.

சித்தி அதற்கு மேல் எழுதவில்லை. குளிர்சாதனப் பெட்டியைக் காலிசெய்து துடைத்தாள். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். யாரும் உடுத்தாத சட்டைகளுக்கெல்லாம் இஸ்திரி போட்டாள். மேசைப் பக்கம் மட்டும் போகவில்லை. போன் அடித்தால் நான் எடுக்க வேண்டும். சித்தி குளிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். எப்போதும் தண்ணீரிலேயே இருக்க உங்கள் சித்தி என்ன மீனா என்று சீக்கிரம் மாமா ஒருநாள் கேட்டார். அச்சகத்தில் நாள் வாங்கியாகிவிட்டது, அதைத் தவறவிட்டால் புத்தகம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். நாளெல்லாம் பயந்த முகங்களைப் பார்த்துப் பழகியவள்.

“பல்லு புடுங்க வர்றவங்ககூட இப்படி மூஞ்சிய வெச்சுக்க மாட்டாங்க,” என்றாள். “கதையில வர்ற பையனுக்குக் காய்ச்சல்னா ரெண்டு பேரும் இங்க பட்டினியா? உன் அக்கா எனக்கு ஜுரம் வந்தப்ப ஒரு வாய் கஞ்சி வெச்சுக் குடுத்தியாடி நீ?”

சித்தி, உனக்கு மாத்திரை இருந்தது, அவனுக்கு அந்தப் படகில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் கை கழுவிக்கொண்டே, பையனுக்கு என்ன வயது, காய்ச்சலோடு வாந்தி இருக்கிறதா என்று விசாரித்தாள்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. சித்தி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். நான் நீலப் புத்தகத்தை எடுத்தேன்.

அந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால் பொத்தானின் பெயர் அந்த எழுத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும். முன்பு ஒருமுறை சித்தி காட்டியிருந்தாள். நடுவில் உயரமான இரண்டு கோடுகள், தோளோடு தோள் சேர்த்து நிற்பதுபோல. நான் அர்த்தத்தைத் தேடவில்லை, அந்த உருவத்தை மட்டும் தேடினேன். காய்ச்சல் வந்த இடத்துக்கு அப்புறம் அது எறும்பு வரிசைபோல நிறைய வந்தது. எனக்கு மூச்சு வந்தது. பக்கம் பக்கமாகக் கூடவே போனேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஓர் அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரே ஒரு தடவை நின்றது. அதற்கு அடுத்த அத்தியாயத்தில் ஒரு பக்கத்திலும் இல்லை. அதற்கு அடுத்தது கடைசி அத்தியாயம்.

புத்தகத்தை இருந்தபடியே வைத்தேன். அகராதியையும் அதன்மேல் வைத்தேன். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சித்தி துணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து என் முகத்தைப் பார்த்தாள். துணியைச் சோபாவில் போட்டாள்.

“பாத்துட்ட.”

நான் வாயைத் திறந்தேன்.

“சொல்லாத. ஒரு வார்த்தைகூடச் சொல்லாத.” நாற்காலியை இழுத்தாள். “வா, உக்காரு. நீ மட்டும் தனியா இதைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். இன்னிக்கே பாத்துடலாம்.”

அன்றைக்கு அவள் எழுதவில்லை. புத்தகத்தை விரித்துவைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, வாயாலேயே தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். சில இடங்களில் சொல் கிடைக்காமல் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த இடைவெளிகளில் ஆறு ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. அறையின் ஓரங்கள் மங்கின. சோபாமேல் கிடந்த துணிகள் மூட்டமாகக் கரையோரம் படிந்திருந்தன. அம்மா எப்போது வந்தாள் என்று தெரியாது. பையைத் தோளிலிருந்து இறக்காமல் கதவோரத்தில் நின்றிருந்தாள்.

பொத்தானுக்குக் காய்ச்சல் விட்டது. விடிகாலையில் கண் திறந்து, மூட்டம் போன பிறகு எங்கே படுத்துக்கொள்ளும் என்று கேட்டான். அப்பா, அந்தக் கதையிலேயே முதல் தடவையாக, பதில் சொன்னார். வயல்களில் என்று ஒரே சொல். சித்தி அதை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். எனக்கு மட்டும் இன்னும் பயம் போகவில்லை. அந்தப் பெயர் ஒற்றையாக நிற்கும் அந்த வரியை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தோம்.

படகு நகரத்துத் துறையில் நின்றது. அக்காவும் அப்பாவும் மூட்டைகளை இறக்கினார்கள். பொத்தான் இறங்கவில்லை. கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துகொண்டான். அக்கா கூப்பிட்டாள், கெஞ்சினாள், அடிப்பேன் என்றாள். அவன் அழவில்லை. நானும் இறங்கிவிட்டால் அப்பா யாருக்குப் பதில் சொல்லுவார் என்று கேட்டான். அதற்கு அவளிடம் பதில் இல்லை. அப்பாவிடமும் இல்லை. படகு திரும்பியது. கயிற்றுச் சுருள்மேல் பொத்தான் சின்னதாகிக்கொண்டே போனான் என்பது அந்த அத்தியாயத்தின் கடைசி வரி.

சித்தி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். அவன் சாகவில்லை. நான் அத்தனை நாள் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனாலும் என் நெஞ்சில் ஏதோ சின்னதாகிக்கொண்டே போனது.

“உசுரோடதான இருக்கான்?” என்றாள் அம்மா கதவோரத்திலிருந்து. “அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் அழறீங்க?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து மருத்துவமனைத் துடைப்புக் காகிதத்தை எடுத்துத் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பெண் தனியாக நகரத்தில் நடக்கிறாள். கடைகளைப் பார்க்கிறாள், விளக்குகளைப் பார்க்கிறாள், வழி கேட்கிறாள். தம்பியின் பெயரை ஒருதடவைகூட நினைக்கவில்லை. நினைத்தால் நடக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரிந்தது, புத்தகம் அதைச் சொல்லவே இல்லை. அதை முடித்ததும் சித்தி, தான் முதலில் எழுதிய கடைசி அத்தியாயத்தை எடுத்துவரச் சொன்னாள். நான் படித்தேன், அவள் மூலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அம்மாவும் மகளும் படுக்கும் இடம் வந்தது. அகலமான கட்டில். அம்மா சுவரோரம் படுக்கிறாள். “அவள் கூச்சத்துடன் கட்டிலின் விளிம்பில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டாள்.”

படிக்கும்போதே என் குரல் நின்றுவிட்டது. சித்தியும் நிமிர்ந்தாள். மூலத்தில் கூச்சம் இல்லை. அவள் விளிம்பில் படுத்தாள் என்று மட்டும்தான் இருந்தது. தம்பி என்று ஒருவன் இருப்பது தெரியாமல் மொழிபெயர்த்ததால், ஏன் விளிம்பில் படுக்கிறாள் என்று சித்திக்குப் புரியவில்லை. புதிய இடம், கூச்சமாக இருக்கும் என்று அவளாகவே ஒரு காரணம் கொடுத்துவிட்டாள். நான் அழகு என்று சொன்னது அந்தக் காரணத்தைத்தான்.

அவள் நடுவில் இடம் விட்டுப் படுத்திருந்தாள்.

அப்படி இன்னும் சில இடங்கள் இருந்தன. சித்தி எங்கெல்லாம் அன்பாக ஒரு சொல்லைச் சேர்த்து உதவி செய்திருந்தாளோ, அங்கெல்லாம் பொத்தானின் இடம் அடைபட்டிருந்தது. ஒவ்வொன்றாக அடித்தாள். தெம்பாக எழுதியது என்று பெருமைப்பட்ட அத்தியாயம். அடிக்க அடிக்க அது அமைதியாகிக்கொண்டே வந்தது.

சீக்கிரம் மாமா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அத்தியாயம் பக்கமாக அடுக்கி முடிந்துவிட்டது என்றார். ஒரு சொல்லை எடுத்தால் வரி நகரும், வரி நகர்ந்தால் பக்கம் நகரும் என்றார். அதைவிட, கூச்சத்துடன் என்ற அந்த வரியைத்தான் பின்னட்டைக்கு எடுத்துவைத்திருக்கிறாராம். படித்தவர்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம். சித்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசியில் போனை என்னிடம் நீட்டினாள்.

“ஒரு வார்த்தையில என்னம்மா வந்துடப் போகுது?” என்றார் அவர்.

“அந்த வார்த்தை இருந்தா அவ கூச்சப்படறா மாமா. இல்லேன்னா தம்பிக்கு இடம் விட்டுப் படுத்திருக்கா.”

“எந்தத் தம்பிக்கு?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரிடம் இருப்பது கடைசி அத்தியாயம் மட்டும். அவருடைய புத்தகத்தில் இன்னும் பொத்தான் பிறக்கவே இல்லை. அவன் என்ன ஆனான், அவனுக்கு என்ன என்று கேட்டார். சொல்ல மாட்டேன், முதலிலிருந்து படியுங்கள், படித்துவிட்டு அந்த வார்த்தை வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சித்தி கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். மற்ற அத்தியாயங்களை எழுதி முடித்து, எல்லாவற்றையும் கட்டி அனுப்பினோம்.

அதற்கு அப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அச்சக நாள் நெருங்கியது. எனக்கு வெளியே போகவே பிடிக்கவில்லை. அவர் இப்போது எந்த வளைவில் போய்க்கொண்டிருப்பார், மூட்டத்துக்குள் நுழைந்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டு பால்கனியில் நின்றிருப்பேன். மற்ற வாசகர்கள் அவனோடு கிளம்பி, வழியில் அவனை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சேருவார்கள். எனக்கு அப்படி இல்லை. அவன் இல்லாமல் முடிந்துவிட்ட ஒரு கதைக்குள் அவன் தாமதமாக வந்து சேர்ந்தான். அவன் வந்து உட்காருவதற்காகத்தான் ஒரு வார்த்தையை எழுந்திருக்கச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. எடுத்தேன். சீக்கிரம் மாமாதான், ஆனால் சீக்கிரம் முடியுமா என்று தொடங்கவில்லை.

“எந்தப் பக்கம்னு சொன்ன?” என்றார்.

சொன்னேன். தாள் புரளும் சத்தம் கேட்டது. கூச்சத்தை எடுத்தாச்சு என்றார். பிறகு, பின்னட்டை காலியாகக் கிடக்கிறதே, அங்கே என்ன போடுவது என்று கேட்டார்.

“அவனோட கேள்வி ஏதாவது போடுங்க மாமா.”

“நிறைய இருக்கே. எதைப் போடறது?”

முதலிலிருந்து பார்க்கலாம் என்றேன். அவர் முதல் அத்தியாயத்துக்குப் போனார். ஒவ்வொரு கேள்வியாகத் தேடி, மெதுவாக எனக்குப் படித்துக்காட்டத் தொடங்கினார். படகு நிக்கறப்போ கரை நடக்குமா? இது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்றேன். மீனுக்குத் தாகம் எடுத்தா அது எங்க போகும்? இதையும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். நான் போனோடு தரையில் உட்கார்ந்தேன். சித்தி வந்து என் தலையோடு தலை ஒட்டிக் காது கொடுத்தாள். அவர் அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தார்.